வாசல் வாசலாகப் போன கோல்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், கம்ப்யூட்டரில் அடித்துத் தருவேன், திங்கட்கிழமைகளில் மனு எழுதுவேன். பட்டா மாற்றம், பாதைத் தகராறு, முதியோர் பென்ஷன் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் வயிற்றெரிச்சல் எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஆபீஸுக்குள் போகும். நான் எழுதினால் காரியம் நடக்கும் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் என்னை அந்தக் குன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது.

எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. இவள் நிதானமாகச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போய் இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் நாற்பது வீட்டு ஊர் ஒன்று வரும். ஊருக்குப் பின்னால் அந்தக் குன்று. எங்கள் திருவண்ணாமலையில் மலை என்றால் ஒன்றுதான். அதைச் சுற்ற எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இந்தக் குன்றைச் சுற்ற ஆடுகளைத் தவிர யாரும் வந்ததில்லை. பாறையும் காய்ந்த புல்லுமாக மொட்டையாகக் கிடந்தது. மழை பெய்தால் மண் கரைந்து ஏரிக்குள் போய் மேடு தட்டிவிடும். ஏரியைத் தூர் வாரச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் மனு எழுத வருவார்கள். அப்படித்தான் பழக்கம்.

அரசாங்க அனுமதியோடு ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் புறம்போக்குக் குன்றில் மரம் நட முன்வந்தது. கன்றும் ஆள்கூலியும் அவர்கள் தருவார்கள். நட்டதைக் காப்பது ஊரின் பொறுப்பு. ஐந்து வருடம் கழித்து வந்து பார்ப்பார்கள். ஊர் ஒழுங்காகக் காத்திருந்தால் குன்று ஊர்க் குழுவின் கையிலேயே இருக்கும், புல் அறுக்கலாம், காய் பொறுக்கலாம், அப்புறம் ஆடும் விடலாம். இல்லையென்றால் சுற்றிலும் வேலி போட்டு, வெளியாள் காவல் வைத்து, ஊரை வெளியே நிறுத்திவிடுவார்கள். இந்தக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதவும் கடிதம் போடவும் ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஊர்க்காரி இல்லையே என்றேன். டவுன் முஸ்லிம் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் எங்களுடையது. 'ஊருல இருக்கறவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் ஆவாது, அதனாலதான் உங்கள கூப்புடறோம்' என்றார்கள். நானும் உச்சி குளிர்ந்து சரி என்றேன்.

முதல் கூட்டத்தில் ஆட்டைக் குன்றில் விடக் கூடாது என்று நான் படித்ததும் ஆண்கள் எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துகொள்ளப் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். அந்த ஊரில் ஆடு அதிகம் வைத்திருந்தவள் அவள்தான்.

"மேல மேயறதுல முக்காவாசி என் ஆடுங்கதான். நான் நிறுத்திக்கறேன். என்னுத நிறுத்திட்டா மத்தவங்க இன்னா பேசுவாங்க?" என்றாள்.

எழுந்துகொள்ளப் பார்த்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அன்றைக்கே அவள்மேல் எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. இப்படி ஒருத்தி இருந்தால் எந்த ஊரையும் திருத்திவிடலாம் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

காவலுக்கு வழி சொன்னதும் அவள்தான். ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மதகைக் காவல் காக்க அந்த ஊரில் ஒரு கோல் வீடு வீடாகப் போகும். யார் வீட்டு வாசலில் கோல் சாத்தியிருக்கிறதோ அவர்கள் முறை அன்றைக்கு. பொழுது சாயும்போது அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். கூப்பிட மாட்டார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். முக்கியமாக, 'போனாயா' என்று ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள். கேட்டால், அவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. அந்த வழக்கத்தையே குன்றுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். இன்னொரு கோல் வெட்டினார்கள். அது ஊரைச் சுற்ற ஆரம்பித்தது.

முதல் கோடையில் ரம்ஜான் வந்தது. நோன்பை வைத்துக்கொண்டு நானும் தண்ணீர்க் குடத்தோடு குன்று ஏறினேன். எனக்கு முன்னால் அவள் இரண்டு குடத்தோடு ஏறிக்கொண்டே திட்டுவாள். "எச்சில்கூட முழுங்காம ஏர்றியேக்கா. நீ மயக்கம் போட்டா உன்னத் தூக்கிக்கினு எறங்கறதா, கொடத்தத் தூக்கிக்கினு எறங்கறதா? எனக்குக் கொடம்தான் முக்கியம், சொல்லிட்டேன்." சொல்வாளே தவிர, நான் இறங்கும்வரை அவளும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். துரிஞ்சியும் புங்கனும் வேம்பும் நாவலுமாக நட்டோம். இரண்டாம் வருடம் துரிஞ்சி இடுப்பளவு வந்தது. அதன் இலையை உருவிப் பொடி செய்து தலைக்குத் தேய்த்துக்கொள்ளச் சொல்லி எனக்கு ஒரு டப்பாவில் கொடுத்தாள். 'நம்ம காட்டு அரப்பு' என்றாள்.

மூன்றாம் வருடம் என் முட்டி போய்விட்டது. டாக்டர் படி ஏறவே கூடாது என்றார், குன்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் கோல் வேறொரு வாசலில் சாத்தியிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறையும். போனில் படம் எடுத்துத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவேன். சாலையிலிருந்து பார்த்தால் குன்றின் முன்பக்கம் பச்சென்று தெரியும். மோர் கொடுப்பார்கள், பிஞ்சுப் பாகற்காய் கட்டிக் கொடுப்பார்கள். டவுனில் கேட்பவர்களிடமெல்லாம் அந்தக் கோலைப் பற்றி அளந்தேன். கேள்வி கேட்காமல் நடக்கிற காவல் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்பேன்.

ஐந்தாம் வருடம் முடியும்போது கடிதம் வந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து குன்றைப் பார்ப்பார்கள் என்று. அவர்களுக்கு முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டாமா? முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே போனேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, முன்பக்கச் சரிவைத் தாண்டி மறுபக்கம் இறங்கினேன்.

மறுபக்கத்தில் காடு இல்லை. என் கணுக்கால் உயரத்துக்கு வரிசையாகக் கட்டைகள் நின்றன. சில பழசாகிக் கறுத்திருந்தன, சில போன மாதம் வெட்டியவை. ஒரே நாளில் எவனோ வந்து நாசம் பண்ணிப்போன மாதிரி இல்லை, வேண்டும்போது வந்து வேண்டிய அளவு வெட்டியிருந்தார்கள். எங்கும் ஆட்டுப் புழுக்கை. இன்னும் கீழே, சரிவையே காணோம். மண்ணை அள்ளி அள்ளிப் பெரிய பள்ளமாக்கியிருந்தார்கள். நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

அந்தப் பக்கமாகவே இறங்கி, சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வழியில் பாகல் பந்தல். மாதாமாதம் எனக்குக் காய் கட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பந்தல்தான். அதைத் தாங்கி நின்ற கொம்புகளில் பட்டைகூட உரிக்கவில்லை. துரிஞ்சியை எனக்குத் தெரியாதா? அடுத்த கொல்லையிலும் அதே கொம்பு. அதற்கடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகையிலும் அதே. கோல் அன்றைக்கு அந்த வீட்டு வாசலில்தான் சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டுக்காரியின் வீட்டுக்குப் போனேன். அவள் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பட்டிக்கு வைத்திருந்த கதவு நாவல் கொம்பால் ஆனது.

"யாருமே மேல போறதில்லையா?" என்றேன்.

என் முகத்தையும் முட்டி உறையையும் மண் ஒட்டிய புடவையையும் பார்த்தாள். பொய் சொல்லக்கூட அவள் முயற்சி செய்யவில்லை.

"போறதில்லக்கா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது."

"கோல் மட்டும் ஊடு ஊடா போவுது?"

"போவுது. வந்தா வாங்கி வெக்கறோம், பொழுதுபோனா பக்கத்து ஊட்டுல வெக்கறோம். நின்னுபோச்சின்னா நீ கேப்ப இல்ல."

எனக்காக! இரண்டு வருடமாக நாற்பது வீடும் ஒற்றுமையாக, ஒரு நாள் தவறாமல், நான் படம் பிடிப்பதற்காக ஒரு குச்சியை நகர்த்தியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஆகாது என்று சொன்ன அதே ஊர். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கத்தி முடியட்டும் என்று நின்றாள். பிறகு கேட்டாள்:

"டிராக்டர் சாவி எடுத்துக்கினு உன் கடைக்கி வந்தனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதைச் சின்ன விஷயம் என்று நினைத்து எங்கேயோ ஓரமாக வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஒரு திங்கட்கிழமை, கடையில் மனுக் கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் ஒரு சாவியை வைத்தாள். "மண்ணு அள்றாங்கக்கா. செடிங்க மேலயே டிராக்டர ஏத்திட்டாங்க. டிரைவர் எறங்கிப் பீடி பத்த வெச்சான், நான் சாவியப் புடுங்கிக்கினு பஸ் ஏறிட்டேன். மனு எழுது. இன்னிக்கே உள்ள குடுத்துடலாம்." அவள் முகம் சிரித்தது.

யார் டிராக்டர் என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் கன்றுகளுக்குத் தன் போர்வெல்லிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரிய விவசாயியின் டிராக்டர். ஊரில் குன்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தது அவர் ஒருவரிடம்தான். அவர் குழாயை மூடினால் அந்தக் கோடையோடு எல்லாம் கருகிவிடும். ஒரு ஓரத்தில் மண் போவதா, மொத்தக் காடும் போவதா என்று நான் யோசித்தேன். இன்றைக்கும் அந்த யோசனையில் தப்பு கண்டுபிடிக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் போன் பண்ணினேன். அரை மணியில் பைக்கில் வந்தார். சாவியை அவர் கையில் கொடுத்தேன். "இனிமே அந்தப் பக்கம் வண்டி வராதுங்க" என்றார் என்னிடம். அவளைப் பார்த்து, "தைரியம் ஜாஸ்திதான் உனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று டீ சொன்னேன். அவள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று குடிக்காமல் போய்விட்டாள். ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் நான். அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

"அடுத்த வாரமே டிராக்டர் திரும்ப வந்துச்சி" என்றாள் இப்போது, பட்டிக் கதவில் கையை வைத்துக்கொண்டு. "அன்னிக்கி கோல் வேற ஊட்டுல இருந்துச்சி. அவங்க பாத்தாங்க. சாவிய எடுத்தா அது எங்க போவும்னுதான் தெரிஞ்சிபோச்சே? கம்முனு எறங்கி வந்துட்டாங்க. அந்த வருசம் அவுரு அறுத்த கொல்லையில என் ஆட்டக்கூட மேய விடல."

"அதை எங்கிட்ட வந்து சொல்ல மாட்டியா?"

"மொத வாட்டி வந்து சொன்னன் இல்ல?"

"மண்ணை அள்ளினது அவரு. மரத்த வெட்டினது நீங்கதான?"

"ஆமாம். அவுரு அள்ளிக்கினே இருப்பாரு, நாங்க காவல் காத்துக்கினே இருக்கணுமா? எல்லாம் போறதுக்குள்ள ஆளுக்கு நாலு கொம்பு எடுத்துக்கினோம். உனக்கு அன்னிக்கித் தண்ணிதான் முக்கியம்னு பட்டுது. எங்களுக்கு இன்னா பட்டுதுன்னு நீ கேக்கவே இல்லக்கா."

அதில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக மனசு ஆறிவிடுமா? என் முகத்துக்கு நேரே சண்டை போட்டிருக்கலாம். கடையில் வந்து நாலு பேர் முன்னால் அசிங்கமாகத் திட்டியிருக்கலாம். கோலைக் கொண்டுவந்து என் கடை வாசலில் உடைத்துப் போட்டிருக்கலாம். மோர் கொடுத்தாளே. நான் படம் எடுத்தபோது, வெளிச்சம் சரியாக விழட்டும் என்று கோலை நகர்த்தி வைத்துக்கூடக் கொடுத்தாளே. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

அடுத்த வாரம் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். வேலி வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். புல் போகும், ஆட்டுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போகும். "மறுபடி நடலாம், மறுபடி காக்கலாம். அவங்க முன்னாடி மட்டும் விட்டுக்குடுத்துடாதே" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"நீ பேசுக்கா, நாங்க நிக்கறோம்" என்றாள்.

நிற்கிறோம் என்றால் என் கூட நிற்பது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு நடுத்தர வயது ஆள், நோட்டோடு ஒரு பெண். ஊர் மொத்தமும் நல்ல துணி உடுத்திக் குன்றடியில் வந்து நின்றது. நான் முன்பக்கச் சரிவில் அவர்களை அழைத்துப் போனேன். வேம்பைக் காட்டினேன், புங்கனைக் காட்டினேன். கோலைப் பற்றிச் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். மறுபக்கம் எப்படி என்று அந்த ஆள் கேட்டார். "அந்தப் பக்கம் வெறும் பாறைங்க. போறதுக்குப் பாதை இல்ல" என்றேன். ஊருக்காகச் சொன்ன பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கீழே வந்ததும் நோட்டு வைத்திருந்த பெண், சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, ஆட்டுக்காரியிடம் கேட்டாள்: "இந்தக் காடு யாரோடதுங்க?"

எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி அது. 'எங்களோடது' என்று பதில் வரும், எழுதிக்கொள்வார்கள். நானே எத்தனையோ அறிக்கையில் அந்தப் பதிலை அடித்திருக்கிறேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்னைக் கை காட்டினாள்.

"மேடத்தோடது" என்றாள்.

ஐந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது மேடம் வந்திருக்கிறார்களா என்று.

"நீங்கதானே காவலுக்குப் போறீங்க?"

"கூலி குடுத்தாங்க, நட்டோம். மத்தது மேடத்துக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாகவே சொன்னாள்: "பின்பக்கம் போய்ப் பாருங்க. பாதை நல்லாத்தான் இருக்குது."

நாற்பது வீட்டு ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. டிராக்டர்காரரும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவரை யாரும் கை காட்டவில்லை. நோட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

மழைக்கு முன்னால் வேலி வந்துவிட்டது. குழுவைக் கலைத்தார்கள். செயலாளர் பொய்த் தகவல் கொடுத்தார் என்று எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று எனக்கும் வந்தது. அந்த ஊருக்கு நான் மறுபடி போகவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவளைப் பார்த்தேன். கூட இரண்டு பெண்கள். ஆபீஸ் எதிர் வரிசையில் மனு எழுத வந்திருந்தார்கள். என் கடை காலியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரியெல்லாம் இல்லை, நன்றாகவே பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே தட்டச்சு செய்கிற ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. தடுப்பு வெறும் பிளைவுட். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

வேலியைப் பிரிக்க வேண்டும், புல் அறுக்க விட வேண்டும் என்பதுதான் மனு. "இன்னான்னு போடட்டும்? எந்தக் காடு?" என்று கேட்டார் அவர்.

"எங்க காடுன்னு போடுங்க" என்றாள். "நாங்க வெயில்ல தண்ணி சொமந்து ஊத்தி, அஞ்சு வருசம் கண்ணு மாதிரி பாத்துக்கின காடு. ஊடு ஊடா காவல் போட்ட காடு. அப்படியே போடுங்க."

எழுந்து போய்ப் பொய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஆள் யாருக்கு அனுப்புவது என்றே தெரியாமல் தப்பான ஆபீஸ் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனு எங்கேயும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். சரியான பெயரைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஆபீஸுக்குள் போகும்வரை நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.